பொங்கும் எரிமலையும் பூட்டிய பாட்டிலும்: நடுநிலை வகுப்பு அறிவியலில் ‘புதுமை’ எங்கே இருக்கிறது?

பள்ளி அறிவியல் கண்காட்சி என்றால் ஒரு மேசையிலாவது களிமண் எரிமலை இருக்கும். உச்சிக் குழியில் சோடா மாவு. அதன்மேல் வினிகரை ஊற்றினால் சிவப்புச் சாயம் கலந்த நுரை பொங்கி வழியும், சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். செய்துகாட்டிய மாணவரிடம் “நிஜ எரிமலையும் இப்படித்தான் பொங்குகிறதா?” என்று கேட்டால், பெரும்பாலும் “ஆமாம்” என்றுதான் பதில் வரும்.

நிஜத்தில் அங்கே அமிலமும் இல்லை, சோடாவும் இல்லை. பூமிக்கடியில் உருகிய பாறைக் குழம்பில் வாயுக்கள் கரைந்து கிடக்கின்றன. குழம்பு மேலே ஏற ஏற அழுத்தம் குறைகிறது, வாயுக்கள் குமிழ்களாகப் பிரிந்து குழம்பை வெளியே தள்ளுகின்றன. குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்து காட்டினால்கூட அது களிமண் எரிமலையைவிட நெருக்கமான உவமை. ஆக, அந்த மேசையில் வேதியியல் பாடமும் நடக்கவில்லை, புவியியல் பாடமும் நடக்கவில்லை. நல்ல வேடிக்கை நடந்தது, அவ்வளவுதான்.

இப்போது அதே சோடா மாவு, அதே வினிகர். ஒரு லிட்டர் குளிர்பான பாட்டிலில் 50 மில்லி வினிகர் எடுத்துக்கொள்வோம். 2 கிராம் சோடா மாவை மெல்லிய தாளில் பொட்டலமாக மடித்து, வினிகரில் படாதபடி பாட்டிலின் கழுத்தில் செருகி, மூடியை இறுக்கித் தராசில் வைக்கிறோம். எடையைப் போர்டில் எழுதியாயிற்று. பாட்டிலைச் சாய்த்ததும் பொட்டலம் உள்ளே விழும், நுரைக்கும், பாட்டில் கல்லாக இறுகும். மறுபடி தராசில் வைப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி: எடை கூடியிருக்குமா, குறைந்திருக்குமா, அப்படியே இருக்குமா?

வகுப்பு மூன்றாகப் பிரியும். “வாயு லேசானது, அதனால் குறையும்” என்று ஒரு கூட்டம். “புதுசா ஒன்று உண்டாகியிருக்கிறதே, கூடும்” என்று இன்னொன்று. மிச்சமிருப்பவர்கள் மாறாது என்பார்கள், ஏன் என்று கேட்டால் விழிப்பார்கள். தராசில் வைத்தால் எடை மாறவில்லை. மூடியைத் திருகினால் ‘உஸ்’ என்று சத்தம், எடை குறைகிறது. ஒரு கிராமுக்கும் குறைவாகத்தான் குறையும், பத்தில் ஒரு கிராம் காட்டும் தராசு இருந்தால் தெளிவாகத் தெரியும். வாயுவுக்கு எடை உண்டு என்பதும், வேதிவினையில் பொருளின் நிறை மாறாது என்பதும் இனி வெறும் பாடநூல் வரிகள் இல்லை. தான் சொன்ன பதிலோடு மோதிய விஷயங்கள்.

(பாட்டிலுக்குப் பதில் பலூனை மாட்டிச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உப்பிய பலூன் சுற்றியுள்ள காற்றை விலக்குவதால் மிதப்பு விசை கூடி, எதுவும் வெளியேறாமலே தராசு சற்றுக் குறைத்துக் காட்டும். இது தெரியாமல் வகுப்பில் இறங்கினால் ஆசிரியர்தான் மாட்டிக்கொள்வார்.)

இரண்டு காட்சிகளிலும் பொருள்கள் ஒன்றே. எரிமலை மேசையில் யாரும் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை, பாட்டில் மேசையில் ஒவ்வொருவரும் ஒரு பதிலுக்குப் பெயர் கொடுத்துவிட்டுத்தான் பார்த்தார்கள். செயல்வழி, விசாரணைவழி, ப்ராஜெக்ட், விளையாட்டு என்று கல்வி அறிவிப்புகளில் பல சொற்கள் அடுக்கடுக்காக வருகின்றன. எது எதைச் செய்யும், எது வெறும் அலங்காரம் என்று பிரித்தறிய இந்த ஒரு வேறுபாடு பெரிதும் கைகொடுக்கும்.

மாணவரின் தலை காலியாக இல்லை

1987இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆவணப்படத்தில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு நாளன்று மாணவர்கள், பழைய மாணவர்கள், பேராசிரியர்கள் என்று 23 பேரிடம் எளிய கேள்விகள் கேட்கப்பட்டன. கோடையும் குளிர்காலமும் ஏன் வருகின்றன என்பது அவற்றில் ஒன்று. 23 பேரில் 21 பேர் தடுமாறினார்கள். அடிக்கடி வந்த பதில், “கோடையில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கிறது” என்பது.

உண்மையில் பூமி சூரியனுக்கு மிக நெருக்கமாக வருவது ஜனவரி முதல் வாரத்தில். அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலை முதல் வாரத்தில் அது 15.2 கோடியாகக் கூடுகிறது. வடகோளத்தின் பெரும்பகுதி குளிரில் இருக்கும்போதுதான் பூமி சூரியனை நெருங்குகிறது. பருவங்களுக்குக் காரணம் பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பது. இதை அந்த 21 பேரும் பள்ளியில் படித்திருப்பார்கள், பரீட்சையில் சரியாக எழுதியும் இருப்பார்கள். அப்புறம் ஏன் இப்படி?

ஏனென்றால் பாடம் நுழைவதற்கு முன்பே அந்த இடத்தில் வேறொன்று குடியிருந்தது. நெருப்பின் பக்கத்தில் போனால் சுடும், இது குழந்தைப் பருவத்திலிருந்தே உடம்பு கற்ற பாடம். போதாக்குறைக்குப் பல பாடநூல்களில் பூமியின் பாதையைச் சாய்வான கோணத்தில் வரைந்து, நீண்ட நீள்வட்டமாகவே காட்டிவிடுகிறார்கள். இப்படி ஏற்கெனவே மனத்தில் இருக்கும் விளக்கங்களை முன்கருத்துகள் என்கிறோம். இவற்றை முட்டாள்தனம் என்று ஒதுக்க முடியாது. அன்றாட அனுபவத்தில் பல இடங்களில் இவை பலிக்கவே செய்கின்றன, அதனால்தான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கின்றன. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோசலிண்ட் டிரைவர் 1980களில் நடத்திய ஆய்வுகள், பிள்ளைகளின் இத்தகைய கருத்துகளுக்கு ஓர் ஒழுங்கு இருப்பதைக் காட்டின. ஒரே மாதிரியான கருத்துகளே திரும்பத் திரும்ப எழுகின்றன. ஆகவே ஆசிரியரால் அவற்றை முன்கூட்டியே எதிர்பார்க்க முடியும்.

நடுநிலை வகுப்புகளில், அதாவது 11 முதல் 14 வயது வரை, இது ஏன் கூர்மையாகிறது? தொடக்க வகுப்பு அறிவியலில் பெரும்பாலும் கண்ணால் பார்ப்பவை வருகின்றன: இலை, பூச்சி, காந்தம், நிழல். ஆறாம் வகுப்பைத் தாண்டியதும் கண்ணுக்குத் தெரியாதவை ஒவ்வொன்றாக உள்ளே வருகின்றன. துகள், செல், மின்னோட்டம், விசை, ஆற்றல். பார்க்க முடியாததைப் பற்றிப் பேச முன்கருத்தைத் தவிர மாணவரிடம் வேறு கருவி இல்லை. ‘அறிவியல் எனக்கு வராது’ என்ற எண்ணமும் பலருக்கு இந்தக் கட்டத்தில்தான் வேர்விடுகிறது.

சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

1. செயல்வழிக் கற்றல். மாணவர்கள் கையால் ஏதோ செய்கிறார்கள் என்பதை மட்டுமே இந்தச் சொல் சொல்கிறது. என்ன யோசிக்கிறார்கள் என்பதைச் சொல்லாது. இங்கிலாந்துப் பள்ளிகளில் 25 செய்முறை வகுப்புகளை நேரில் கவனித்து இயன் ஆபிரகாம்ஸ், ராபின் மில்லர் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தொட்டது. சொன்னபடி கருவிகளை இயக்க வைப்பதில் வகுப்புகள் நன்றாக வெற்றி பெற்றன. கண்டதை அறிவியல் கருத்தோடு இணைக்க வைப்பதில் அவ்வளவாக இல்லை.

2. விசாரணைவழிக் கற்றல். ஒரு கேள்விக்குச் சான்று தேடிப் பதில் காண்பது. இதற்குப் படிகள் உண்டு. கேள்வி, செய்முறை, விடை மூன்றையும் ஆசிரியரே தந்துவிட்டால் அது சரிபார்ப்பு. விடையை மட்டும் மறைத்தால் கட்டமைத்த விசாரணை. கேள்வியை மட்டும் தந்து, செய்முறையை மாணவர் வகுத்தால் வழிகாட்டிய விசாரணை. கேள்வியும் மாணவருடையதே என்றால் திறந்த விசாரணை. விவாதங்களில் ‘விசாரணை’ என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் கட்டிவிடுவதால்தான் பாதிச் சண்டை.

3. கற்றல் சுழற்சி. அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் கார்ப்ளஸ் 1960களில் பள்ளி அறிவியலுக்காக வகுத்த வரிசை இது. முதலில் மாணவர்கள் நிகழ்வைத் துழாவுகிறார்கள். பிறகு ஆசிரியர் கருத்தையும் அதன் பெயரையும் அறிமுகப்படுத்துகிறார். அதன்பின் புதிய இடத்தில் பொருத்திப் பார்க்கிறார்கள். வழக்கமான வகுப்பில் வரையறைதான் முதலில் வரும், இங்கே அது இரண்டாவது. சின்ன மாற்றம்தான், ஆனால் பெயர் வருவதற்கு முன்பே அந்தப் பெயருக்கான தேவை வந்துவிடுகிறது.

4. முன்கணித்து, கவனித்து, விளக்குவது. ரிச்சர்ட் ஒயிட், ரிச்சர்ட் கன்ஸ்டோன் ஆகிய ஆஸ்திரேலியக் கல்வியாளர்கள் பரவலாக்கிய முறை. பாட்டில் எடுத்துக்காட்டில் நடந்தது இதுதான். செலவில்லை, பாடத்திட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. எந்த முறையிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் இதையே சொல்வேன்.

மெழுகுவத்தி: ஒரு பாடவேளையின் உள்ளே

முன்கணித்து, கவனித்து, விளக்கும் அந்த நான்காவது வழி வகுப்பில் எப்படி நடக்கும் என்று சற்று நெருங்கிப் பார்ப்போம். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, மேலே கவிழ்த்த கண்ணாடிக் குவளை. சுடர் அணையும், தண்ணீர் குவளைக்குள் ஏறும். பல நூல்களில் இதற்குத் தரப்படும் விளக்கம், “ஆக்சிஜன் தீர்ந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பியது, காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பது இதிலிருந்து தெரிகிறது” என்பது. கேட்க அழகாக இருக்கும் இந்த விளக்கம் தவறு. அதனாலேயே இது வகுப்புக்குப் பொன்னான சோதனை.

1. முதல் ஐந்து நிமிடம்: என்ன நடக்கும், ஏன் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுதுகிறார்கள். வாயால் சொன்னால் போதாது. எழுதியதைப் பிற்பாடு ‘நான் அப்படிச் சொல்லவில்லையே’ என்று மாற்ற முடியாது. அரிச்சுவடிபோலத் தோன்றினாலும் முறையின் உயிர் இதில்தான் இருக்கிறது.

2. செய்து பார்க்கிறார்கள். தண்ணீர் ஏறியதும் ஆக்சிஜன் கட்சி வெற்றிக் குரல் எழுப்பும். ஆசிரியர் ஆமாம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. “தண்ணீர் எப்போது ஏறியது?” என்று மட்டும் கேட்கிறார்.

3. மறுபடி செய்கிறார்கள். இம்முறை கண்கள் வேறு இடத்தில். சுடர் எரியும்வரை தண்ணீர் ஏறக்குறைய அசையவில்லை. அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறியது. ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்தது என்றால் தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாக அல்லவா ஏறியிருக்க வேண்டும்? குவளையைக் கவிழ்க்கும்போது விளிம்பில் குமிழ்கள் வெளியேறியதையும் யாராவது ஒருவர் கவனித்திருப்பார்.

4. “ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவத்தி வைத்தால்?” குவளை அதேதான், ஆக்சிஜனும் அதே அளவுதான். ஆக்சிஜன் விளக்கம் சரியென்றால் தண்ணீர் அதே உயரம் ஏற வேண்டும். ஆனால் இன்னும் மேலே ஏறுகிறது.

5. இங்கேதான் ஆசிரியர் வாய் திறக்கிறார். சூடான காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறியது. சுடர் அணைந்ததும் உள்ளிருந்த காற்று குளிர்ந்து சுருங்கியது, நீராவி தண்ணீராகப் படிந்தது, உள்ளழுத்தம் குறைந்தது. வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளியது. எரியும்போது ஆக்சிஜன் செலவானது உண்மை, ஆனால் கரியமில வாயு உண்டாகி அந்த இடத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. தவிர, காற்றில் 21 சதவீதமாக இருக்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு இறங்கும்போதே மெழுகுவத்தி அணைந்துவிடும். முழுதாகத் தீர்வதே இல்லை.

ஒரு பாடவேளை முழுவதும் போய்விட்டது. ஆனால் விரிவடைதல், அழுத்தம், எரிதல், ஆவி படிதல் என நான்கு பாடங்கள் ஒரு தட்டில் சந்தித்தன. இதைவிட முக்கியம், அச்சில் வந்த விளக்கமும் தவறாக இருக்கலாம், அதைச் சோதிக்க வழி இருக்கிறது என்பதைப் பன்னிரண்டு வயதில் பார்த்துவிட்டார்கள். மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் நிறுவனத்தில் இளையோருக்காக மெழுகுவத்தியைப் பற்றி மட்டும் 1848இலும், மறுபடி 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் தொடர் சொற்பொழிவுகள் நடத்தினார். சாதாரணப் பொருள் என்று அவர் அதை ஒதுக்கவில்லை.

பார்க்க முடியாததற்கு ஓர் உரு: கயிறும் பந்தும்

மின்சுற்றில் பிள்ளைகளுக்கு வரும் மிகப் பொதுவான கருத்து, பேட்டரியிலிருந்து புறப்படும் மின்னோட்டத்தில் ஒரு பகுதியைப் பல்பு ‘சாப்பிட்டுவிடுகிறது’, மிச்சம்தான் திரும்பிப் போகிறது என்பது. மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரைப் பல்பின் இரண்டு பக்கமும் வைத்து ஒரே அளவு என்று காட்டினாலும் பலருக்கு மனம் ஒப்பாது. “அப்படியென்றால் பல்பு எதை எடுத்து எரிகிறது?” நியாயமான கேள்வி.

இதற்கு ஒரு கயிறு போதும். இரு முனைகளையும் முடிந்த நீளமான மெல்லிய கயிறு. வகுப்பு முழுவதும் வட்டமாக நின்று, விரல்களுக்கிடையே கயிறு தடையின்றி ஓடும்படி லேசாகப் பிடித்துக்கொள்கிறது. ஆசிரியர் பேட்டரி. ஒரு கையால் இழுத்து மறு கையால் அனுப்புகிறார், கயிறு சுழல்கிறது. ஒரே ஒரு மாணவி மட்டும் சற்று இறுக்கிப் பிடிக்கிறாள். அவள்தான் பல்பு. அவள் விரல் சூடாகிறது. இப்போது கேள்விகள் தாமாக வரிசையில் நிற்கின்றன. அவள் கைக்குள் போகும் கயிறும் வெளியேறும் கயிறும் ஒரே அளவுதானே? கயிறு குறையவில்லை, ஆனாலும் கை சுட்டது. கொடுத்தது யார்? இழுக்கும் ஆசிரியர். இன்னொருவரும் இறுக்கினால்? கயிறு முழுவதும் எல்லா இடத்திலும் மெதுவாகிறது, ‘பல்பை’த் தாண்டிய பகுதியில் மட்டுமல்ல. சுவிட்சைப் போட்டதும் தூரத்துப் பல்பு ஏன் உடனே எரிகிறது என்பதற்கும் பதில் கையிலேயே இருக்கிறது. ஆசிரியர் இழுத்த கணத்தில் கயிறு எல்லார் கையிலும் நகர்ந்தது.

எந்த உவமைக்கும் ஒரு எல்லை உண்டு, அதை வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். கயிற்றால் பக்க இணைப்பைச் சரியாகக் காட்ட முடியாது. “இந்தக் கயிறு எங்கே பொய் சொல்கிறது?” என்று மாணவர்களிடமே கேட்கலாம். உவமையை உடைக்கத் தெரிந்தவருக்கு அது புரிந்துவிட்டது என்று தைரியமாக எடுத்துக்கொள்ளலாம்.

பந்து விஷயம் சுருக்கமானது. ஒரு கூடைப்பந்தைப் பூமி என்று வைத்தால் நிலவு ஒரு டென்னிஸ் பந்து. இரண்டையும் கையில் கொடுத்து, சரியான தூரத்தில் பிடிக்கச் சொன்னால் பலர் அரை மீட்டர், ஒரு மீட்டரில் நிற்பார்கள். பூமியின் விட்டத்தைப் போல் 30 மடங்கு, அதாவது ஏழு மீட்டருக்கும் மேல். டென்னிஸ் பந்தைப் பிடித்தவர் வகுப்பின் கடைசிச் சுவர்வரை நடக்க வேண்டும்.

கருவியே வேண்டாத வகுப்பு

ஆய்வகம் இல்லை, பொருள் இல்லை என்பது உண்மையான குறைதான். ஆனாலும் மிக மலிவான புதுமை மௌனம். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ, ஆசிரியர்கள் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று பதிவுகளை வைத்து அளந்தார். சராசரியாக ஒரு வினாடி. அதை மூன்று வினாடியாக்கினால் பதில்கள் நீளமாயின, ‘தெரியாது’ குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். 1974இல் வெளியான முடிவு. கேட்க எளிது, வகுப்பின் முன் நின்று மூன்று வினாடி சும்மா இருந்து பார்த்தால்தான் அது எவ்வளவு நீளம் என்று தெரியும்.

இன்னொன்று கருத்துச் சித்திரம். இங்கிலாந்தில் பிரெண்டா கியோ, ஸ்டூவர்ட் நெய்லர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய உத்தி. ஒரு படத்தில் மூன்று நான்கு பேர் ஒரே நிகழ்வுக்கு வெவ்வேறு விளக்கம் சொல்வார்கள். பனிக்கட்டியைக் கம்பளியில் சுற்றினால் சீக்கிரம் உருகுமா, தாமதமாக உருகுமா என்பது போன்ற கேள்வி. கம்பளி சூடு தரும் என்று நம்பும் பிள்ளைகள் சீக்கிரம் என்பார்கள். கம்பளி வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வெப்பம் கடப்பதைத் தடுக்கிறது, ஆகவே தாமதமாகத்தான் உருகும். இதில் நுட்பம் என்னவென்றால், தவறான கருத்தைப் படத்தில் உள்ள பாத்திரம் சொல்லிவிடுகிறது. கூச்சமுள்ள மாணவர் ‘நான் இப்படி நினைக்கிறேன்’ என்று சொல்ல வேண்டாம், ‘அவள் சொல்வது சரி’ என்றால் போதும்.

அப்புறம் கதை. அறிவியலாளர்களின் பிறந்த ஆண்டும் பெற்ற விருதும் கதையாகாது. அவர்கள் எங்கே தடுக்கினார்கள் என்பதுதான் கதை. யான் பாப்டிஸ்டா வான் ஹெல்மான்ட் என்ற பதினேழாம் நூற்றாண்டு பெல்ஜிய மருத்துவர், உலர்த்திய மண்ணை 200 பவுண்டு, அதாவது சுமார் 90 கிலோ, எடைபோட்டு ஒரு தொட்டியில் கொட்டி, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்குச் சற்று மேல். மண்ணில் குறைந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ், அறுபது கிராம்கூட இல்லை. மரத்தின் உடம்பு மண்ணிலிருந்து வரவில்லை, சந்தேகமே இல்லை. அப்படியானால் எல்லாம் தண்ணீரிலிருந்துதான் வந்தது என்று முடிவுகட்டினார். இதில் வேடிக்கை, ‘வாயு’ என்பதைக் குறிக்கும் ‘கேஸ்’ என்ற சொல்லை உருவாக்கியவரே இவர்தான். மரத்தைச் சுற்றியிருந்த காற்றின்மேல் மட்டும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

ஒளிச்சேர்க்கைப் பாடத்தை வரையறையில் தொடங்காமல், இந்த எண்களைப் போர்டில் எழுதி, “இவ்வளவு மரம் எங்கிருந்து வந்தது?” என்று தொடங்கலாம். மண்ணிலிருந்து என்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்கள் பதிலை எண்களே மறுத்துவிடும்.

‘தானாகவே கண்டுபிடிக்கட்டும்’ என்பதில் உள்ள சிக்கல்

இதுவரை படித்ததும், சரி, மாணவர்களை விட்டுவிட்டால் எல்லாம் தாமே கண்டுபிடிப்பார்கள் போல என்று தோன்றலாம். அந்தப் பக்கம் சாய்வதும் பிழை.

2004இல் டேவிட் கிளார், மிலேனா நிகம் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமானது. மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 112 பேர், ஒரு சாய்தளம், உருட்டப் பந்துகள். பந்து எவ்வளவு தூரம் உருளும் என்பதை எது தீர்மானிக்கிறது என்று சோதிக்கும்போது ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைக்க வேண்டும். இதுதான் மாறிகளைக் கட்டுப்படுத்துவது. ஒரு பகுதியினருக்கு ஆசிரியர் நேரடியாக விளக்கினார், இன்னொரு பகுதியினர் தாமாகவே முயன்றார்கள். நேரடியாகக் கற்றவர்களில் 77 சதவீதம் பேர் தேறினார்கள், தாமாக முயன்றவர்களில் 23 சதவீதம். பால் கிர்ஷ்னர், ஜான் ஸ்வெல்லர், ரிச்சர்ட் கிளார்க் மூவரும் 2006இல் எழுதிய பெயர்பெற்ற கட்டுரையும் இதே திசையில் வாதிட்டது. புதியவர்களின் மனம் ஒரே நேரத்தில் கொஞ்சத்தைத்தான் தாங்கும். வழிகாட்டல் இல்லாமல் விட்டால் தேடுவதிலேயே அந்தத் திறன் கரைந்துவிடும்.

இதை வகுப்புக்குக் கொண்டுவந்தால் நியாயம் இப்படி ஓடுகிறது:

1. சிலவற்றை யாராலும் ஒரு பாடவேளையில் கண்டுபிடிக்க முடியாது. பொருள்கள் துகள்களால் ஆனவை என்ற முடிவுக்கு வர மனிதகுலத்துக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஏழாம் வகுப்புக் குழு 40 நிமிடத்தில் அதை எட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். சொல்லித்தர வேண்டும்.

2. முறைகளையும் சொல்லித்தர வேண்டும். தனி ஊசல் நல்ல பயிற்சிக் களம். எடை, நூலின் நீளம், இழுத்துவிடும் தூரம், இவற்றில் எது ஆட்ட நேரத்தை மாற்றுகிறது? விட்டுவிட்டால் பிள்ளைகள் எடையையும் நீளத்தையும் ஒன்றாக மாற்றிவிட்டு, “எடைதான் காரணம்” என்று எழுதுவார்கள். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று ஒருமுறை தெளிவாகக் காட்டிவிட்டால், மிச்சத்தை அவர்களே செய்வார்கள். 1 மீட்டர் நூலில் பத்து ஆட்டத்துக்குச் சுமார் 20 வினாடி, 25 சென்டிமீட்டரில் சுமார் 10 வினாடி. நீளம் கால்பங்காகும்போது நேரம் ஏன் பாதியாகிறது என்று கேட்கும் மாணவர் எப்படியும் ஒருவர் இருப்பார்.

3. ஆக, ‘சொல்லித்தருவதா, செய்யவிடுவதா’ என்ற கேள்வியே தப்பான இடத்தில் நிற்கிறது. எப்போது சொல்வது என்பதுதான் கேள்வி. மெழுகுவத்திப் பாடத்தில் ஆசிரியர் பேசினார், நிறையவே பேசினார். ஐந்தாவது படியில் பேசினார்.

போகிற போக்கில் இரண்டு நம்பிக்கைகளையும் கழித்துவிடலாம். ஒவ்வொரு மாணவருக்கும் பார்த்துக் கற்பது, கேட்டுக் கற்பது, செய்து கற்பது என்று தனி ‘பாணி’ உண்டு, அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்ற கூற்றுக்குப் போதிய சான்று இல்லை என்று ஹரோல்டு பாஷ்லரும் சக உளவியலாளர்களும் 2008இலேயே அலசிக் காட்டிவிட்டார்கள். படிப்பதில் 10 சதவீதம், செய்வதில் 90 சதவீதம் நினைவிருக்கும் என்று பயிற்சி முகாம்களில் சுற்றும் கூம்புப் படமும் அப்படியே. எட்கர் டேல் 1946இல் வரைந்த மூலப் படத்தில் சதவீதங்களே கிடையாது.

வகுப்பறைக்குள் என்ன விளைவு?

நேரம் முதல் விளைவு. மெழுகுவத்திக்கு ஒரு முழுப் பாடவேளை போனால் அந்த வாரப் பாடத்திட்டம் இடிக்கும். எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த முடியாது, நடத்தவும் வேண்டாம். முன்கருத்து பலமாக உள்ள இடங்களில் நேரத்தைக் கொட்டி, மற்றவற்றை விரைவாகக் கடப்பதே நடைமுறைக்கு ஒத்தது. பருவங்கள், மின்சுற்று, விசை, வெப்பம், ஒளிச்சேர்க்கை, பொருளின் நிறை ஆகியவை நேரத்தைக் கேட்பவை. உறுப்புகளின் பெயர், அலகுகள், குறியீடுகள் இவற்றை நேரடியாகச் சொல்லி, எழுதி, மனப்பாடம் செய்தால் ஒன்றும் குடி மூழ்கிவிடாது.

அடுத்தது, கற்றோம் என்ற உணர்வு. ஹார்வர்டில் லூயி டெலூரியேயும் சகாக்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு முரண் தெரிந்தது. இயற்பியல் மாணவர்கள் தாமே முயன்று கற்ற வகுப்பில் தேர்வில் கூடுதலாக எடுத்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். சரளமான விரிவுரை கேட்டவர்களுக்கு எல்லாம் புரிந்தது போன்ற உணர்வு, மதிப்பெண்ணோ குறைவு. அது கல்லூரி வகுப்பு. ஆனாலும் ‘இன்றைக்கு ஒன்றுமே நடத்தவில்லை’ என்று வீட்டில் சொல்லும் பிள்ளையையும், ‘நோட்டில் ஒன்றுமே இல்லையே’ என்று கேட்கும் பெற்றோரையும் நினைத்துப் பார்த்தால் விஷயம் பள்ளிக்கும் பொருந்தும் என்றே படுகிறது. ஏன் முதலில் யூகிக்கச் சொல்கிறோம், ஏன் உடனே விடை சொல்வதில்லை என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே மாணவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது.

கடைசியாகப் பரீட்சை. எந்தப் புதுமையும் வந்து முட்டும் சுவர் இதுதான். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி, 1978இல் மாவட்டம் முழுவதும் பரவி, 2002இல் நிறுத்தப்படும்வரை முப்பது ஆண்டுகள் நடந்த அறிவியல் கற்பித்தல் திட்டம் இதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் சோதனை செய்து கற்றார்கள், தேர்வையும் அதற்கேற்ப மாற்றினார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம், கூடவே செய்முறைத் தேர்வும் உண்டு. புத்தகத்தில் இருக்கும் வரியைக் கேட்டுப் பயனில்லை என்றானதும், வேறு மாதிரிக் கேள்விகள் கேட்டே ஆக வேண்டியிருந்தது.

தேர்வு முறையை மாற்றும் அதிகாரம் வகுப்பாசிரியருக்கு இல்லை. ஆனால் மாதத் தேர்வின் ஒரு கேள்வியை மாற்றும் அதிகாரம் பெரும்பாலும் இருக்கிறது. ‘ஒளிச்சேர்க்கை: வரையறு’ என்பதற்குக் கொடுக்கும் அதே 5 மதிப்பெண்ணை இதற்குக் கொடுக்கலாம்: ‘வான் ஹெல்மான்டின் தொட்டியில் மரம் 164 பவுண்டு கூடியது, மண் 2 அவுன்ஸ் குறைந்தது. எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்றார். நீ அவர் பக்கத்தில் நின்றிருந்தால், அவர் சொன்னது முழுதும் சரியா என்று பார்க்க அடுத்து எந்தச் சோதனையைச் செய்யச் சொல்வாய்? அதில் எதை மாற்றுவாய், எதை மாற்றாமல் வைப்பாய்?’